பவுடர் போடாத பதினோரு நாள்

"அத்தை, இன்னிக்குக் கோழி நாத்தமே அடிக்கலையே!" என்று சௌந்திரம் சொன்னபோது வசந்தாமணி வாய்விட்டுச் சிரித்தாள். சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து முழுப் பரீட்சை லீவுக்கு நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணைக்கு வந்திருந்த தம்பி மகள். வந்த நாளிலிருந்து ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சோறு தின்றவள்.

"பத்து நாள்ல நீயும் பண்ணைக்காரி ஆயிட்டயா சாமி" என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

அன்று மத்தியானமே சௌந்திரத்துக்குத் தலைவலி. மறுநாள் காய்ச்சலும் வாந்தியும். மூன்றாம் நாள் கழுத்தை மடக்க முடியவில்லை, ஆளும் தெரியவில்லை. வாடகைக் கார் பிடித்துச் சேலத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

முதுகில் ஊசி போட்டு எடுத்த நீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்த டாக்டர், நோயை விட்டுவிட்டுத் தண்ணீரை விசாரித்தார்.

"பொண்ணு எங்கயாவது நீச்சல் அடிச்சாளா?"

வசந்தாமணியின் புருஷன் ராசப்பன் முன்னால் வந்தான். அவனுக்கு எதையும் சின்னதாகச் செய்யத் தெரியாது. போன வருஷம், எண்பத்து நாலில், பண்ணைக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வேண்டுமென்று ஆரம்பித்து, நீலப் பெயிண்ட் அடித்து, படிக்கட்டு வைத்து, நீச்சல் குளமாகவே கட்டி முடித்தான். பிள்ளைகள் அதில் குதிக்கும். அதே தண்ணீர்தான் குழாய் வழியாகக் கோழிகளுக்கும் போகும்.

"எங்க தொட்டிலதானுங்க. குட்டைத் தண்ணியெல்லாம் இல்லீங்க. தெனமும் பிளீச்சிங் பவுடர் போடறமுங்க."

பவுடர் போடுகிறவள் வசந்தாமணிதான். பதினோரு நாளாக அவள் போடவில்லை.

குஞ்சுகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தைக் குடிதண்ணீரில்தான் கலப்பார்கள். தண்ணீரில் பவுடர் இருந்தால் மருந்து வீணாகிவிடும். அதனால் முன்னே ரெண்டு நாள், பின்னே ஒரு நாள் பவுடரை நிறுத்துவது பண்ணை வழக்கம். மருந்து நன்றாகப் பிடிக்கட்டும் என்று இவள் இன்னும் ஒரு வாரம் சேர்த்து விட்டுவிட்டாள். சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாகக் கிடந்தது. நாலாயிரம் குஞ்சில் ஒன்றுகூடச் சாகவில்லை. அதைப் பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டும் இருந்தாள்.

"பவுடர் போட்ட தண்ணின்னா இருக்காதே" என்று டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். "இது அமீபா. கண்ணுக்குத் தெரியாத கிருமி. சூடான தண்ணியில வளரும். குடிச்சா ஒண்ணும் பண்ணாது, மூக்குல ஏறினா மூளைக்குப் போயிடும். சில பேருக்கு முதல்ல வாசனையே தெரியாமப் போகும்."

கோழி நாத்தமே அடிக்கலையே, அத்தை.

பக்கத்தில் சௌந்திரத்தின் அப்பனான தம்பி செங்கோட்டையன் நின்றிருந்தான். இவனை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால், வீட்டில் ஏழு வயது மகள் ராசாத்தி இந்நேரம் அதே தொட்டியில் குதித்துக்கொண்டிருப்பாள்.

"போடலைங்க" என்றாள். "குஞ்சுக்கு மருந்து வெச்சதுனால பதினோரு நாளா நாந்தான் பவுடர் போடலைங்க."

"ஏ, சும்மா இரு!" ராசப்பன் பல்லைக் கடித்தான்.

"எம்பொண்ணும் அதுலதான் குளிக்கறாளுங்க."

"முதல்ல போய் அதை நிறுத்துங்கம்மா!" டாக்டர் கத்தியேவிட்டார். "பத்து நாள் கவனமாப் பாருங்க. தலைவலின்னா உடனே தூக்கிட்டு வாங்க."

செங்கோட்டையன் அக்காவைப் பார்த்தான். பிறகு மகள் படுத்திருந்த கட்டிலருகே போய்விட்டான்.

புருஷனைத் தம்பியோடு விட்டுவிட்டு நாமக்கல் பஸ்ஸில் ஏறினாள். வழியில் ஆண்டகளூர் கேட் ஸ்டாப்பில் டிரைவர் இறங்கி டீயை ஊதி ஊதிக் குடித்தான். அந்தக் கிளாஸைப் பிடுங்கி எறியலாமா என்றிருந்தது அவளுக்கு.

தோட்டத்துப் பாதையில் திரும்பும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. ராசாத்தி படிக்கட்டு உச்சியிலிருந்து குதித்து முங்கினாள். வசந்தாமணி சேலையோடு இறங்கி மகளை வாரித் தூக்கினாள். நேராகக் கோழிக் கொட்டகை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"என்ன நாத்தம் அடிக்குது, சொல்லு கண்ணு."

"ஒண்ணும் அடிக்கலீங்கம்மா."

வசந்தாமணி மகளைக் கொட்டகைக்கு இன்னும் கிட்டத் தள்ளினாள். "நல்லா மோந்து பாரு!"

"எப்பவும்போலத்தானுங்கம்மா இருக்குது."

பிறந்ததிலிருந்து இங்கேயே வளர்கிற பிள்ளைக்கு இது ஒரு நாற்றமா என்பது மெதுவாகத்தான் உறைத்தது. தீவன அறைக்கு ஓடினாள். மூலையில் பதினோரு நாளாகத் திறக்காத பவுடர் டப்பா இருந்தது. மூடியைத் திறந்து எட்ட நின்றே காட்டினாள்.

ராசாத்தி முகத்தைச் சுளித்தாள். "உவ்வே, பிளீச்சிங் பவுடரு! நாறுது, மூடுங்கம்மா!"

மகளைக் கட்டிக்கொண்டு வசந்தாமணி ஓவென்று அழுதாள். பிறகு எழுந்து போய்த் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்துவிட்டாள்.

சௌந்திரம் மறுநாள் காலையில் போய்விட்டாள். இழவு வீட்டில் செங்கோட்டையன் அக்காவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. வீடு திரும்பியதும் தினமும் காலையில் டப்பாவைத் திறந்து மகளிடம் நீட்டுவதே அவள் வேலையாக இருந்தது.

டாக்டர் சொன்ன பத்தாம் நாள் காலை வாசலில் செருப்புச் சத்தம். சவரம் செய்யாத முகத்தோடு செங்கோட்டையன் நின்றான். என்ன கேட்டாலும் வாங்கிக்கொள்வது என்று வசந்தாமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அக்கா, ராசாத்திக்கு வாசம் தெரியுதா?" என்று அவன் கேட்டான்.