ஏழாம் இலக்கப் பெட்டி

காலை ஐந்தரைக்கு, கிழக்கு லண்டனில், எங்கள் மனோர் பார்க் கொட்டகையின் இரும்புக் கதவு திறக்கும். நுழைந்ததும் எங்கள் போன்களை ஒரு நீல வாளியில் போடவேண்டும். முதலாளி பாலேந்திரா வாளியைத் தன் அறைக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். ஸ்கொட்லாந்துக்கும் வடக்கே, குளிர்கடலில் சிதறிக் கிடக்கிற தீவுகளுக்கு இணையம் கொண்டுபோகிற வேலை எங்களுடையது. எங்களுக்கு மட்டும் மாலை ஐந்து மணிவரை உலகத்தோடு தொடர்பு கிடையாது.

கண்ணாடி இழைக் கேபிள்கள் சேரும் கறுப்புப் பெட்டிகளை நாங்கள் அடைத்தோம். கேபிள் நுழையும் வாயில் பிளாஸ்டிக் உறையைச் செருகி, ஹீட் கன் என்கிற சூட்டுத் துப்பாக்கியால் சூடுகாட்டிச் சுருக்கவேண்டும். உள்ளே பசை உருகும். அதன் புகை தொண்டையில் ஒட்டிக்கொள்ளும், குடிக்கிற தேத்தண்ணியிலும் அந்த நாற்றம்தான். அடைத்த பெட்டி அரை மணி நேரம் அசையாமல் ஆறவேண்டும். முந்தித் தூக்கினால் பசையில் மயிரிழை அளவு விரிசல் விழும், கடல் அதற்குள்ளால் புகுந்துவிடும். மூடியின் அடியில் அடைத்தவர் தன் இலக்கத்தையும் திகதியையும் எழுதுவார். கமலேஸ்வரி அக்காவுக்கு ஏழு. எனக்கு நாலு.

நவம்பரில் பாலேந்திரா அரை மணியைப் பத்து நிமிடமாக்கினார்.

"கடல் குழம்பமுதல் சாமான் போகவேணும். அந்தச் சனம் பாவம், டொக்டரோட கதைக்கக்கூட லைன் இல்லை," என்றார்.

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். அவரை முதலாளி என்று கூப்பிடக் கூடாது, அண்ணை என்றுதான் கூப்பிடவேண்டும். ஜெர்மனியில் கோப்பை கழுவி முன்னுக்கு வந்ததை மாதம் ஒருமுறையாவது எங்களுக்குச் சொல்லுவார்.

அந்தக் கிழமையே, ஆறுவதற்கு முன் தூக்கிய பெட்டியிலிருந்து கொதிக்கிற பசை அக்காவின் வலக்கையில் வழிந்தது. துடைத்தபோது தோலும் சேர்ந்து வந்தது. ஆம்புலன்சுக்கு அடிக்கப் போனைக் கேட்டோம். பாலேந்திரா அறையைத் திறக்கவில்லை. கையைக் கழுவச் சொல்லித் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார்.

"ஆசுப்பத்திரியில கேட்டா, வீட்டில வடை சுடேக்க எண்ணெய் பட்டதெண்டு சொல்லும்," என்றார்.

அக்கா இந்த நாட்டில் நிற்பது அவருடைய கொம்பனி எடுத்த விசாவில். வடை சுட்டதாகவே சொன்னாள்.

மறுநாளே கட்டுப்போட்ட கையோடு வேலைக்கு வந்தாள். வராவிட்டால் நிறுத்திவிடுவார். கன்னைப் பிடிக்க அவளால் ஏலவில்லை. நானும், கூட வேலைசெய்த யசோதினியும் தேவராசா அண்ணையும் எங்கள் பெட்டிகளோடு அவளுடைய பெட்டிகளையும் அடைத்து, அவளுடைய கணக்குக் குறையாதபடி மூடிகளின் அடியில் ஏழு என்று எழுதிவைத்தோம். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தோம்.

ஜனவரியில், ஒரு தீவில் பெட்டிக்குள் கடல்நீர் புகுந்து, அங்குள்ள வைத்தியசாலைக்கு நாலு நாள் லைன் இல்லாமல் போனது. உடைத்துப் பார்த்தவர்கள் படம் அனுப்பினார்கள். விடிய ஏழு மணிக்கு, வாசலில் லொறி காத்திருக்க, பாலேந்திரா அந்தப் படத்தை எங்கள் மேசையில் போட்டார். மூடியில் ஏழு. பக்கத்தில், அக்கா கட்டோடு வந்த அந்த நாளின் திகதி.

"இது ஆரின்ரை நம்பர்?"

"என்ரை நம்பர்தான்," என்றாள் அக்கா.

"உம்மடை கவலையீனத்தால அங்க நோயாளியள் நாலு நாள் தவிச்சிருக்கினம். பிழை என்னுடையதெண்டு இந்தப் பேப்பரில சைன் வையும். இண்டையோட வேலை முடிஞ்சுது. விசா குடுக்கிற ஹோம் ஒபிசுக்கு எழுதிறன். அறுபது நாளில நாட்டை விட்டு வெளிக்கிடலாம்."

அந்த ஏழாம் இலக்கத்தை எழுதியவன் நான். நடுவில் குறுக்குக் கோடு போட்டு ஏழு எழுதுவது பிரான்சில் இருந்த காலத்தில் எனக்கு வந்த பழக்கம். அப்படியே எழுதுகிற ஜெர்மனியில் இருந்துவந்த பாலேந்திராவுக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. அக்கா கண்டுகொண்டாள். என்னை ஒருதரம் பார்த்தாள். வலக்கையில் இரண்டு விரல்கள் இன்னும் மடங்காததால் பேனையை இடக்கையில் எடுத்தாள்.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். செவன் கிங்ஸில் உள்ள வீட்டில் எனக்கு இரண்டு பிள்ளைகள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் முதல் எழுத்தை எழுதும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

"அண்ணை, அது நான் அடைச்ச பெட்டி."

"விசர்க் கதை கதையாதை, றமணன். உனக்கும் வேலை வேண்டாமோ?"

"அண்டைக்கு அக்காவால கன்னைப் பிடிக்க ஏலாது. முதல்நாள் அவவின்ரை தோல் அந்தக் குழாயடியில கிடந்தது. நீங்களும் பாத்தனீங்கள்."

யசோதினி என் பக்கத்தில் வந்து நின்றாள். "நானும் ஏழு போட்டனான்."

"நானும்தான்," என்றார் தேவராசா அண்ணை. "ஆர் போட்டா என்ன? பத்து நிமிசத்தில தூக்கச் சொன்னது ஆரின்ரை வாய்?"

"அப்ப நாலுபேரும் போங்கோ. நாளைக்கே வேற ஆக்கள் வருவினம்."

அக்கா பேனையைக் கீழே வைத்தாள்.

"வரட்டும், அண்ணை. நாங்கள் வாசலில நிப்பம். வாற ஆக்களுக்கு நான் இந்தக் கையைக் காட்டுவன்."

வெளியே லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். அப்போதுதான் அடைத்து வைத்த பன்னிரண்டு பெட்டிகள் மேசையில் இருந்தன.

"பத்து நிமிசமாச்சு. ஏத்துங்கோ," என்றார் பாலேந்திரா.

தேவராசா அண்ணை சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே போய் நின்றார். "இன்னும் இருபது நிமிசம் கிடக்கு."

நாங்கள் மூவரும் அவர் பக்கத்தில் போய் நின்றோம். பூட்டிய அறைக்குள், வாளியில் யாருடையதோ போன் அடித்து ஓய்ந்தது. நாளைக்கு எங்களுக்கு வேலை இருக்குமா, அக்காவுக்கு நாடு இருக்குமா என்று நால்வரில் ஒருவருக்கும் தெரியாது. யாரும் அசையவில்லை.

ஹோர்ன் மறுபடியும் அடித்தது. பாலேந்திரா எங்களைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு தானே போய் ஒரு பெட்டியைத் தூக்கினார். தூக்கியவர் பசை சுட்டு, சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"குழாய் அங்கால இருக்கு, அண்ணை," என்றாள் அக்கா.