டாக்டருக்கு நான் சொன்ன ஆல்பம்

கண்ணைத் தவிர முகம் முழுவதையும் பச்சைத் துணியால் மூடிய பிறகுதான் டாக்டர் கேட்டார், எந்த ஆல்பம் போடலாம் என்று. பாட்டு இல்லாமல் அவருக்குக் கை ஓடாதாம். எனக்கோ மிஞ்சியிருப்பது இந்த ஒரு கண். மற்றது போன விதத்தை மூன்று கதையாகச் சொல்வேன்; மூன்றையும் என் மனைவி நம்ப மாட்டாள், போனபோது பக்கத்தில் இருந்தவள். உள்ளே போய் வாயை மூடிக்கொண்டு படுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

மூடவில்லை. ராக் வேண்டாம் என்றேன். என்னிடம் உள்ள ராக் ஆல்பம் ஒன்றால் பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் விட்டுவிட்டது. விரிசலில் இப்போது ஓர் அணில் குடித்தனம் நடத்துகிறது. ஜாஸ் கூடாது. சாக்ஸபோன்காரருக்கு எங்கே முடிப்பது என்று தெரியாது, கத்தி பிடிக்கிற கைக்கு அந்தச் சகவாசம் ஆகாது. வயலின் கச்சேரி என்றால் டாக்டரின் கை தன்னால் தாளம் போடும். கடைசியில், தூங்குகிற பூனைகூடக் காதைத் திருப்பாத ஒரு பியானோ ஆல்பத்தின் பெயரைச் சொன்னேன். டாக்டர் அதைக் கேட்டதே இல்லை. போட்டதும் நல்லாயிருக்கே என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"இனிமே பேசக் கூடாதுய்யா. தாடை அசைஞ்சா தலை அசையும். தலை அசைஞ்சா..." என்றார் டாக்டர்.

வலி இல்லை. பெரிய வெளிச்சம், அதன்மேல் தண்ணீர் ஓடுவதுபோல நிறங்கள், நடுவில் மெல்லிய நிழல் ஒன்று. அதுதான் கருவி என்று தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது ஞாபகம் வந்தது. நான்காவதின் முடிவில் டிரம்ஸ் உண்டு. அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த ஆள், ஒரே அடியில் கணக்கைத் தீர்த்துக்கொள்வார். முதல்முறை கேட்டபோது நாற்காலியிலிருந்து விழுந்தேன். இது கதையில்லை. அந்த அடிக்காகவே ஊரெல்லாம் இந்த ஆல்பத்தைப் புகழ்ந்து வைத்திருக்கிறேன்.

நான்காவது ஆரம்பித்தது. மூக்கால் முனகினேன். ஐயா கூடவே பாடுகிறார் என்று டாக்டர் மெச்சிக்கொண்டார். துணிக்கடியில் கையை ஆட்டினேன். நர்ஸ் அதைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்கப்பா, ஆச்சு ஆச்சு" என்று தட்டிக் கொடுத்தார். பியானோ இறங்கி இறங்கி, கடைசித் திருப்பத்துக்கு வந்துவிட்டது. வேறு வழியில்லை, அந்த உள்ளங்கையில் என் நகங்கள் அத்தனையையும் இறக்கினேன்.

"டாக்டர், இவரு ஏதோ சொல்லப் பாக்குறாரு."

நிழல் வெளிச்சத்திலிருந்து விலகியது. "என்னய்யா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடி விழுந்தது. யாருடைய கையிலிருந்தோ இரும்புச் சாமான் ஒன்று நழுவித் தரையில் உருண்டது.

பாட்டை நிறுத்திவிடவா என்று நர்ஸ் கேட்டார். டாக்டரின் குரல் என் நெற்றிக்கு மிக அருகில் வந்தது.

"இன்னும் பாதி வேலை இருக்குய்யா. உங்களுக்குத்தான் இந்த ஆல்பம் தெரியும். இதுமாதிரி வேற எங்கயாவது இருக்கா?"

வெளியே உட்கார்ந்திருப்பவள் சொன்ன புத்தியை அப்போதாவது கேட்டிருக்கலாம்.

"இல்ல டாக்டர். இனிமே எல்லாம் தாலாட்டுதான். அக்குவேறு ஆணிவேறா கேட்டவன் சொல்றேன்."

"அப்ப ஓடட்டும். ஆடாம இருங்க."

ஐந்தாவது பாட்டு தொடங்கியபோதுதான் உறைத்தது. அதை நான் கேட்டதே இல்லை. அந்த அடிக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் நான்காவதையே திருப்பிப் போட்டுக் கேட்பவன் நான். நர்ஸின் கையைத் தேடினேன். எட்டும் தூரத்தில் இல்லை. பியானோவைக் காணோம். பாட்டுக்குள் எங்கோ யாரோ ஒருவர், ஊதுவதற்காக நீளமாக மூச்சை இழுத்தார். வெளிச்சத்துக்குள் அந்த மெல்லிய நிழல் மறுபடி இறங்கியது.