திட்டாத டாக்டர்

கல்லூரி விடுதியில் ஒரே அறையில் கிடந்த நாளிலிருந்து டாக்டர் தன் நண்பரை வாய் நிறைய 'எருமை' என்றுதான் கூப்பிடுவார். கல்யாண மேடையில் மாமனார் காதுபடவே கூப்பிட்ட மனுஷன். சளி என்று போனாலும், சிகரெட்டை விடாததற்குத் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் மருந்து எழுதுவார்.

இன்று நண்பருடைய ஸ்கேன் படத்தை விளக்குக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சாப்பிட்டியாப்பா?"

எருமை சட்டென்று நிமிர்ந்தார். இந்தக் கரிசனம் இவன் வாயில் வரவே வராதே!

"நான் இன்னும் சிகரெட்டை விடலைடா," என்று வேண்டுமென்றே எடுத்துக் கொடுத்தார். காலையில் பிடித்த இரண்டையும் சேர்த்தே சொன்னார். திட்டு விழட்டும் என்று அந்த முகத்தையே பார்த்தார். 

டாக்டர் அவர் தோளில் கைவைத்தார்.

"பரவாயில்லப்பா."