பொன்னுலிங்கம் கொண்டுவந்த நாற்பது கைநாட்டு

1954-ல் நாஞ்சில் நாட்டு வடசேரியில் தமிழுக்காக உயிரைக் கொடுப்பதாகச் சொன்னவர்கள் நிறையப் பேர். அதற்குப் பதிலாக ஒரு பதவியை வெட்கமில்லாமல் கேட்டவர் பொன்னுலிங்கம் ஒருவர்தான்.

திருவிதாங்கூரில் இந்த ஊர் உட்படத் தமிழர் வாழும் இடங்களையெல்லாம் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஊரில் ஒரு சபை நடந்துவந்தது. அதன் செயலாளர் நாற்காலி காலியாக இருந்தது. துணிக்கடை குமாரதாஸும் பொன்னுலிங்கமும் அதன்மேல் கண் வைத்திருந்தார்கள். சபைத் தலைவர் வைகுண்டராஜன், பத்திரம் எழுதிப் பிழைப்பவர், ஒரு வழி சொன்னார். திருவிதாங்கூரின் வடக்கே பீர்மேட்டு மலையில் தேயிலை பறிக்கும் தமிழர்கள் நாற்பது பேரிடம் மனுவில் கைநாட்டு வாங்கி வருகிறவருக்குப் பதவி.

மலையில் அட்டை கடிக்கும் என்று கேள்விப்பட்ட குமாரதாஸ் கடையில் வேலை அதிகம் என்றார். பொன்னுலிங்கம் மேல்துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

“எனக்குத் துணைக்கு ஒருத்தரும் வேண்டாம். ஒத்தைக்குப் போயி ஒத்தைக்கு வருவேன்.”

மலைத் தமிழரின் கண்ணீரைப் பற்றி மூன்று வருஷமாக மேடையில் கர்ஜித்தவர் அவர். அதுவரை அவர் ஏறிய உயரமான இடம் குமாரகோவில் படிக்கட்டு. வீட்டில் பெட்டி கட்டும்போது மனைவி தாணம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அங்க உங்களுக்கு ஆரு வெந்நீ வச்சுத் தருவா?”

அந்த அற்பக் கேள்வியைக் காதில் வாங்காமல் போராளி பெட்டியைப் பூட்டினார்.

திருவனந்தபுரம், கோட்டயம் என்று பஸ் மாறி, மலைப்பாதையின் முதல் நாலு வளைவிலேயே சாப்பிட்டதையெல்லாம் ஜன்னல் வழியாகக் கக்கினார். மலை எங்கள் சொத்து என்று முழங்கிய வாய், சமதரை எப்போது வரும் என்று கண்டக்டரிடம் மூன்று முறை விசாரித்தது.

பீர்மேட்டில் ஆனி மாத மழை. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில், சலவை ஜிப்பாவும் கையில் மைப்பெட்டியுமாகப் போய் நின்றார். வேலை முடிந்து வந்த சனம், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு சுற்றி நின்றது. “என் உடன்பிறந்த தமிழ்ப் பெருங்குடி மக்களே” என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம் செந்தமிழில் பொழிந்தார். யாருக்கும் ஒரு சொல் விளங்கவில்லை. ஆனாலும் மரியாதையாகக் கேட்டார்கள்.

பதினோராவது நிமிஷம் வேட்டிக்குள் ஓர் அட்டை ஏறியது. செந்தமிழ் இறங்கிவிட்டது.

“அய்யோ, அட்டை கடிச்சிட்டே. கொஞ்சம் வெள்ளம் கொண்டு வா மக்கா.”

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த முத்துக்கனி என்ற பெண், புகையிலைச் சாற்றைத் தடவி அட்டையை எடுத்து எறிந்தாள். குடிக்கத் தண்ணீரும் கொடுத்தாள். பிறகு இடுப்பில் கை வைத்தாள்.

“தண்ணிய வெள்ளங்கீரு. பேச்சும் மலையாளத்தான் மாதிரில்லா இழுக்கு. எந்தத் தமிழன்யா இப்படிப் பேசுவான்? ஒம்மை அனுப்புனது போலீசா, தொரையா?”

தான் அசல் தமிழன் என்று பொன்னுலிங்கம் பெற்ற தாயின்மேல் சத்தியம் செய்தார். பதற்றத்தில் பேசப் பேச நாஞ்சில் நாட்டு இழுவை கூடியதே தவிர குறையவில்லை. பரிதாபப்பட்ட மலையாளி டீக்கடைக்காரர் ஒருவர் முன்வந்து, இவர் தமிழர்தான், நான் பொறுப்பு என்று மலையாளத்தில் சாட்சி சொன்னார். அதோடு காரியம் முடிந்தது. மலையாளியே சிபாரிசு செய்யும் ஆளுக்கா கைநாட்டு? சனம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. மைப்பெட்டியை ஒரு விரலும் தொடவில்லை.

பொன்னுலிங்கத்துக்கு அதிலும் வெட்கம் வரவில்லை. எழுத்தறிவில்லாத கூட்டத்துக்குத் தன் அருமை எப்படித் தெரியும் என்று கோபம்தான் வந்தது. மறுநாள் காலை ஓட்டல் அறையில் மனுவை விரித்து, மாமனார் வீட்டு உறவினர்களில் தொடங்கி நாற்பது பெயர் எழுதினார். பிறகு தன் பத்து விரல்களையும் மையில் தோய்த்து நாலு சுற்று வைத்தார். பெருவிரல் பெரியவர்களுக்கு, மற்ற விரல்கள் இளையவர்களுக்கு என்று அதிலும் ஒரு நியாயம் வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சபை கூடியது. மலைமக்கள் தன் காலில் விழுந்து அழுததைப் பொன்னுலிங்கம் அரைமணி நேரம் வர்ணித்தார். கூட்டத்தில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். வைகுண்டராஜன் மட்டும் மனுவிலேயே கண்ணாக இருந்தார். முப்பது வருஷமாக ஊரான் பெருவிரலைப் பிடித்து உருட்டிப் பத்திரத்தில் பதிப்பதுதான் அவர் தொழில்.

அவர் எழுந்து முடிவைச் சொன்னார். செயலாளர் குமாரதாஸ். மலைமக்கள் இத்தனை பிரியம் வைத்திருக்கும் பொன்னுலிங்கத்தை ஊரில் அடைத்து வைப்பது பாவம். ஆகவே அவர் மலைக்கிளையின் செயலாளர். பீர்மேட்டிலேயே தங்க வேண்டும், குறைந்தது ஒரு வருஷம்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மாலை போடுகிற சாக்கில் தலைவர் குனிந்தார்.

“அங்க போனா, அந்தச் சுண்டுவிரலு வச்சவனை நான் கேட்டதாச் சொல்லு மக்கா.”

பொன்னுலிங்கம் மாலையோடு சிரித்துக்கொண்டே நின்றார். மறுநாள் காலை அவருக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. மத்தியான பஸ்ஸில் அஞ்சுகிராமத்து மாமனார் வீட்டுக்குப் போய்ப் படுத்தவர், இரண்டு வருஷம் கழித்துச் சபையையே கலைத்த பிறகுதான் எழுந்தார்.