ஒரு ‘ஏனுங்க’வும் மூன்று முரண்நகையும்

இளங்கோவின் சட்டைப்பையில் மாறுதல் விண்ணப்பம் இருந்தது. மாலை நான்கு மணிக்குள் தலைமையாசிரியரிடம் கொடுத்தாக வேண்டும். இன்றுதான் கடைசி நாள்.

திருச்செந்தூரிலிருந்து கொல்லிமலைப் பள்ளிக்கு ஆங்கில ஆசிரியராக வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. நேற்றுவரை இங்கேயே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தான். நேற்று மாலை, கணக்கு ஆசிரியை தேன்மொழியிடம், “என்னைக் கல்யாணம் பண்ணிக்கிடச் சம்மதமா?” என்று கேட்டுவிட்டான். கொல்லிமலையிலேயே தேவனூர் நாட்டில் பிறந்து வளர்ந்த பெண் அவள். தலையைக் குனிந்துகொண்டு ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

“ஏனுங்க...”

ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? “சும்மா கேட்டேன், மறந்துருங்க” என்று விறுவிறுவென நடந்துவிட்டான்.

இப்போது பதினோராம் வகுப்பில் ‘ஐரனி’ எனும் முரண்நகையை நடத்திக்கொண்டிருந்தான்.

“தொப்பலா நனைஞ்சு வாரவனைப் பாத்து, ‘வெளிய நல்ல வெயிலோ’ன்னு கேட்டா, அது சொல்லில் வர்ற முரண்நகை. காளப்பநாயக்கன்பட்டி வரைக்கும் எழுபது வளைவும் பத்திரமா இறங்கின டிரைவர், வீட்டு வாசப்படியில தடுக்கி விழுந்தா, அது நிகழ்ச்சியில் வர்றது. மூணாவது, நாடகத்தில் வர்றது. பாக்கிற எல்லாருக்கும் விஷயம் தெரியும். மேடையில நிக்கிறவனுக்கு மட்டும் தெரியாது. இதுக்கு யாராவது உதாரணம் சொல்லுங்க.”

பாப்பாயி எழுந்தாள். வகுப்பு முழுக்க அடக்கிய சிரிப்பு.

“ஒரு சார் இருக்காருங்க சார். டீச்சர்கிட்ட முக்கியமா ஒண்ணு கேட்டாரு. நான் குழாயடியில தண்ணி புடிச்சிட்டு நின்னேன். டீச்சர் ‘ஏனுங்க’ன்னாங்க. இவரு, ஏன்னு கேக்கறாங்கன்னு நெனச்சு ஓடிட்டாரு. கிளாசுக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாதுங்க.”

இளங்கோவின் கையில் சாக்பீஸ் நின்றது. “என்ன தெரியாது?”

“அது ஏன்னு கேக்கறது இல்லீங்க சார். எங்கம்மா எங்கப்பனை அப்படித்தான் கூப்புடும். டீச்சர் நேத்து வரைக்கும் அவரை சாருன்னுதானுங்க கூப்பிட்டாங்க.”

மணி அடித்தது. “டீச்சர் மூணேமுக்கா பஸ்ஸுக்குப் போயிட்டாங்க சார், ஓடுங்க” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

அவன் ஓடினான். நிறுத்தத்தில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. தேன்மொழி ஒரு காலைப் படியில் வைத்திருந்தாள். அவனைப் பார்த்ததும் முகம் திருப்பிக்கொண்டாள்.

“ஒருத்தி பதில் சொல்ல வாயெடுத்தா ஓடிப்போயிடறது. நல்லா விவரமான ஆளுங்க நீங்க.”

“இது சொல்லில் வர்றது” என்றான், மூச்சிரைக்க.

“என்னது?”

“ஒண்ணுமில்ல. நேத்து கூப்பிட்ட மாதிரி இன்னொரு தடவ கூப்பிடுங்க.”

கண்டக்டர் விசில் ஊதினார். அவள் படியிலிருந்து காலை எடுத்தாள். பஸ் அவளை விட்டுவிட்டுக் கிளம்பியது.

“ஏனுங்க” என்றாள்.

“சொல்லு தேன்மொழி.”

“எங்கப்பாகிட்ட எப்ப வந்து பேசுவீங்க?”

“இன்னைக்கே. ஆனா உங்க ஊட்டுக்கு வழி தெரியாதே.”

திருச்செந்தூர்க்காரன் வாயில் வந்த இந்த ஊர் ‘ஊட்டுக்கு’ அவளைச் சிரிக்க வைத்தது. அவன் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த காகிதத்தை உருவினாள். படித்தாள். அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு பேனாவை எடுத்தாள்.

பள்ளியில் நான்கு மணி அடித்தபோது, மாறுதல் விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் அவள் தன் வீட்டுக்கு வழி வரைந்துகொண்டிருந்தாள்.