வலது ஓரக் குழிகள்

அந்த வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குச் சோதனைக்கூடத்தில் இருந்தவர்கள்: ஆராய்ச்சி டாக்டர் (எங்களுக்கு மேடம்); டெக்னீஷியன் மொட்டை (தலை நிறைய முடி உள்ளவன், அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியாது); இரவு ஷிப்டில் கண்ணாடிச் சாமான் கழுவும் நான்; உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டில், தொண்ணூற்றாறு குழிகளுக்குள், என் அக்காவின் குடலிலிருந்து எடுத்து வளர்த்த கிருமிகள். அவை எத்தனை கோடி என்று யாரும் எண்ணவில்லை.

அக்காவுக்கு எட்டு மாதத்தில் நான்கு முறை குடல் தொற்று வந்துவிட்டது. வயிற்றுப்போக்கு, காய்ச்சல், மருந்து, பத்து நாள் நிம்மதி, மறுபடி முதலிலிருந்து. ஐம்பத்தெட்டு கிலோ இருந்தவள் நாற்பத்தொன்றுக்கு வந்திருந்தாள். ஒருமுறை கழிவறைக்குள் மயங்கி விழுந்தாள். மாமா கதவை உடைத்துத்தான் அவளைத் தூக்கினார். அதன்பிறகு தாழ்ப்பாளே வைக்கவில்லை. அவள் உள்ளே போனால் கதவு ஒருக்களித்திருக்கும்; வெளியே மாமாவோ நானோ நிற்போம். முப்பத்தாறு வயதில் அது எப்படி இருக்கிறது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. நாங்களும் கேட்கவில்லை. வரும் திங்கள் பத்து மணிக்குப் பெருங்குடலை எடுத்துவிடலாம் என்று அறுவை மருத்துவர் நாள் குறித்திருந்தார்.

மருந்து ஏன் பலிக்கவில்லை என்பதை மேடம் ஒருநாள் நுண்ணோக்கியில் காட்டியிருந்தார். நான் நுண்ணுயிரியல் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்தவன். புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன். அது வேறு, இது வேறு. கிருமிகள் தனித்தனியாக அலையவில்லை. தாமே சுரந்த பசையில் ஒட்டிக்கொண்டு, படலமாக, அடுக்கடுக்காக எழும்பி நின்றன. அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் போக வாய்க்கால் விட்டிருந்தன. மருந்து வந்தால் மேல்தளத்தில் இருப்பவை சாகும். அடியில் இருப்பவை தூங்கும். மருந்து போனதும் எழுந்து மறுபடி கட்டும். மேஸ்திரி கிடையாது, வரைபடம் கிடையாது, மூளை என்று ஒன்றே கிடையாது. அக்காவைத் தின்கிற அதன்மேல் எனக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"ஆறு மருந்தயும் ஒவ்வொண்ணா போட்டாச்சு, அசையல. இப்ப ரெண்டு ரெண்டா சேத்துப் பாக்கப் போறேன்," என்றார் மேடம்.

"பொருத்தம் பாத்தீங்களா மேடம்?" என்றான் மொட்டை.

"அதத்தான்டா பாக்கறேன்."

சோதனையில் வித்தை ஒன்றுமில்லை. குழிகளில் படலம் வளர மூன்று நாள். மருந்து ஊற்றி ஒரு நாள். பிறகு தட்டைக் கழுவி ஊதாச் சாயம் விட வேண்டும். படலம் இருக்கும் குழி சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். இல்லாத குழி வெறுமையாக நிற்கும்.

வியாழக்கிழமை மேடம் சாயம் விட்டு, வடித்து, தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தட்டு முழுவதும் ஊதா. வலது ஓரத்து இரண்டு வரிசை மட்டும் தண்ணீர் போலத் தெளிந்திருந்தது. மூன்றாவது மருந்தும் ஐந்தாவது மருந்தும் சேர்ந்த குழிகள் அவை.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, அறுவை மருத்துவருக்குப் போன் செய்தார். இரண்டும் ஏற்கெனவே மருந்துக்கடையில் இருப்பவைதான், சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம், அறுவையைத் தள்ளிவையுங்கள் என்றார்.

நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக் கழுவியது நான். தொட்டியில் உப்புக்கரைசல் கலந்து, தட்டை மெதுவாக முக்கி, கவிழ்த்து, காகிதத்தில் தட்ட வேண்டும். மூன்று முறை. ஷிப்ட் முடியும் நேரம், தொட்டி காலி. கரைசல் கலக்கச் சோம்பல்பட்டுக் குழாயடியில் காட்டிவிட்டேன். தண்ணீர் வேகமாக விழுந்தது. விழுந்தது வலது ஓரத்தில். படலத்தை அடித்துக்கொண்டு போனது மருந்தாக இல்லாமல் தண்ணீராகவே இருக்கலாம்.

வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போனேன்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மாமா அதற்குள் சேதி சொல்லிவிட்டிருந்தார்.

"கத்தி வேணாமாமே? உன் மேடம் கெட்டிக்காரிதான்டா."

"ம்."

"என்னடா ம்? மூஞ்ச ஏன் இப்படி வச்சிருக்க? ஆபரேஷன் உனக்கா எனக்கா?"

பேச்சை முடிக்காமலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு ஒருக்களித்து நின்றது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகள். நான் வெளியே நின்று அவற்றைப் பார்த்தேன். என் சோம்பலை மருந்தென்று நம்பி இவள் விழுங்கப் போகிறாள். அது கேட்காது. அடுத்த முறை வெட்டி எடுக்கவும் உடம்பில் தெம்பு இருக்காது.

பத்து மணிக்குத் திரும்பிப் போய்ச் சொன்னேன்.

"குழாய்ல காட்டினியா? வீட்டுப் பாத்திரம்னு நெனச்சியா?" என்றான் மொட்டை.

மேடம் சத்தம் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ இங்க சேந்ததுலேர்ந்து இவ்ளோ நீளமா பேசினது இப்பத்தான். இன்னைக்கு மறுபடி ஆரம்பிச்சா திங்கக்கெழமை எட்டு மணிக்குத் தெரியும். பத்து மணிக்கு ஆபரேஷன். இப்போதைக்கு அதத் தள்ள வேணாம்னு சர்ஜன்கிட்ட நான் பேசறேன். உங்க அக்காகிட்ட நீ பேசு."

அக்காவிடம் பேசினேன். "வேலைய ஒழுங்கா பாக்கறதுக்கு என்னடா கேடு உனக்கு?" என்றாள். பிறகு ஞாயிறு மாலை மருத்துவமனைக்குப் போகப் பையை எடுத்துவைத்தாள்.

இம்முறை மேடம் ஜோடி மருந்தை ஓரத்தில் வைக்கவில்லை. தட்டெங்கும் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறவிட்டார். எந்தக் குழியில் எது என்ற தாளை மடித்துக் கோட்டுப்பையில் போட்டுக்கொண்டார். எனக்கும் மொட்டைக்கும் காட்டவில்லை. திங்கள் காலை கழுவும் வேலையை என்னிடமே கொடுத்தார்.

"நானா மேடம்?"

"நீதான். இன்னைக்கு உன்னவிட ஜாக்கிரதையா யாரும் கழுவப் போறதில்ல."

மூன்று முறை முக்கினேன். சாயம் விட்டு, வடித்து, மேடம் தட்டை வெளிச்சத்தில் பிடித்தார். ஊதாவுக்கு நடுவே வெறும் குழிகள், மழை விட்டு விட்டுத் தூறிய இடம் போல. மேடம் தாளை விரித்தார். மொட்டை ஒவ்வொரு குழியாகப் படித்தான். பதினாறும் ஜோடிக் குழிகள். ஒன்று தவறவில்லை. ஊதாக் குழி ஒன்றில்கூட ஜோடி இல்லை.

தனியாகப் போனால் இரண்டு மருந்தும் அந்தப் படலத்தைக் கீறக்கூட முடியாதவை. சேர்ந்து போனபோது அடித்தளம் வரை ஒன்றுமில்லாமல் ஆக்கியிருந்தன.

"எப்படி மேடம்?"

"ஒண்ணு பசைய எளக்குது, இன்னொண்ணு உள்ள போவுதுன்னு நெனைக்கிறேன்." தட்டை இன்னும் இறக்கவில்லை. "நெனைக்கிறேன், அவ்ளோதான். தெரியாது."

இருபது வருடம் இதையே பார்த்தவர் தெரியாது என்றார். அதைச் சொன்ன குரலில் அவமானம் இல்லை. கோயிலில் பேசுவதுபோலத் தணிந்திருந்தது. நான் எதையும் கும்பிடுகிறவன் இல்லை. என் கைகளை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மணி எட்டு இருபது. மேடம் போனை எடுத்தார்.

அறுவை தள்ளிப்போனது; அக்காவுக்கு இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். குழியில் பலித்தது குடலில் பலிக்க வேண்டுமென்று சட்டமில்லை, மேடமே சொன்னார். பத்து நாள் கழிந்தது, இருபது கழிந்தது. நாங்கள் காத்திருந்தோம். கிருமி மறுபடி எழவில்லை. எட்டாவது வாரம் அக்கா நாற்பத்தேழு கிலோ. அன்று மாமா கடையிலிருந்து வந்ததும் அவள் ஒரு பொட்டலத்தை நீட்டினாள். உள்ளே புதுத் தாழ்ப்பாள்.

"இன்னும் ஒரு மாசம் பாப்போமே," என்றார் மாமா.

"நீங்க பாருங்க. நான் தனியா போறேன்."

பழைய துளைகளிலேயே நான் திருகாணி முடுக்கினேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒழுங்கா மாட்டினியா? உன் வேலய நம்ப முடியாது."

"இழுத்துப் பாரு."

இழுத்துப் பார்த்தாள். "தள்ளு," என்றாள். உள்ளே போனாள். கதவு முழுதாகச் சாத்திக்கொண்டது. உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.