எழுதியவர் என்ற வரி

மாலை ஐந்து மணிக்குள் இணைப்பை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பெங்களூர் கம்பெனி சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. நீங்கள் எழுதிய நிரல் பொதுவில் எங்கே இருக்கிறது, அதைக் காட்டுங்கள் என்றது. பிடித்திருந்தால்தான் நேர்காணல்.

சத்யப்ரியா ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் லேப்டாப்பைத் திறந்தாள். மூன்று வருடங்களில் அவள் செய்த இருநூற்றுப் பதினான்கு மாற்றங்களும் வரிசையாக வந்தன. எல்லாவற்றுக்கும் நேராக வெங்கட் என்று இருந்தது.

"ஊட்டா ஆய்தா?" என்று, சாப்பிட்டாயிற்றா எனக் கன்னடத்தில் கேட்டபடி கேன்டீனில் வேலை செய்யும் கெம்பம்மா மேசையைத் துடைத்தாள். சத்யப்ரியா தலையை ஆட்டினாள். சாப்பிட்டிருக்கவில்லை.

அவள் மாற்றங்கள் எழுதிவந்தது, பாகங்களை அளக்கும் இயந்திரங்களுக்கான ஒரு மென்பொருளில். பல ஊர்க்காரர்கள் சேர்ந்து எழுதுவது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். ஆனால் மூலப்பிரதி, யார் எதை மாற்றினார்கள் என்று பதிந்துவைக்கும் சப்வெர்ஷன் என்ற பழைய மென்பொருளில் இருந்தது. அதில் எழுதும் அனுமதி சிலருக்கே உண்டு. முன்பு இதே தொழிற்சாலையில் இருந்த வெங்கட்டுக்கு இருந்தது. சத்யப்ரியா அதே வேலைக்கான புதிய மென்பொருளான கிட்டில் வேலை செய்வாள். அவர் அதை வாங்கி, இரண்டையும் இணைக்கும் ஒரு கருவி வழியாகச் சப்வெர்ஷனில் ஏற்றுவார். ஏற்றியவர் பெயரைத்தான் சப்வெர்ஷன் எழுதிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு மாற்றத்தின் குறிப்பிலும் கடைசியாக 'எழுதியவர்: சத்யப்ரியா' என்று ஒரு வரி சேர்ப்பதாகப் பேசிவைத்திருந்தார்கள். என்றைக்காவது எல்லாம் கிட்டுக்கு மாறும்போது, அந்த வரியைப் படித்துப் பெயரைப் போடும்படி கருவிக்குச் சொன்னால் போதும்.

போன மாதம் மாற்றினார்கள். பழைய சர்வரை அந்த வாரமே அணைத்தும்விட்டார்கள். மாற்றியவர் வெங்கட்.

போன் செய்தாள்.

"சொல்லு சத்யா. அத்திப்பள்ளி டோல்ல மாட்டிக்கிட்டன். கம்பெனி பஸ்ஸு நகரவே மாட்டேங்குது."

"அண்ணா, புதுசுல எம்பேரே வரல. எல்லாம் உங்க பேர்ல இருக்குது."

"அப்பிடியா? அட, அந்த ஆப்ஷன மறந்துட்டம்போல."

"இப்ப மாத்துங்கண்ணா. பெங்களூர் கம்பெனிக்கு அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்."

"எப்பிடி மாத்தறது? பேர மாத்துனா வரலாறு பூரா மாறிடும். நானூறு பேரு காப்பி எடுத்துட்டாங்க. அத்தன பேரோட காப்பியும் உடையும்."

பேசிக்கொண்டே ஒரு மாற்றத்தைத் திறந்தாள். குறிப்பு இருந்தது. கடைசி வரி இல்லை. அடுத்ததைத் திறந்தாள். அதிலும் இல்லை. மறந்திருந்தால் வரி அங்கேயே இருந்திருக்கும்.

"வரியவே காணம். எடுத்திருக்கறீங்க."



"எல்லாத்துலயும் ஒரே வரி. பாக்க அசிங்கமா இருந்துச்சு. சுத்தம் பண்ணன்."

"எம்பேரு அசிங்கமா?"

"எம்பேர்ல போனதாலதான் உள்ளயே விட்டாங்க சத்யா. ஓசூர்ல ஒரு புள்ள எழுதுதுன்னா யாரு திரும்பிப் பாத்திருப்பாங்க?"

"எங்கிட்ட ஒரிஜினல் இருக்குது. தேதியோட."

"உன் லேப்டாப்புல யார் பேர வேணாலும், எந்தத் தேதி வேணாலும் போடலாம். அவனுங்களுக்குத் தெரியாதா? என்னய ரெஃபரன்ஸ் போட்டுக்க. நல்லா வேல செய்யற புள்ளன்னு சொல்றன்."

வைத்துவிட்டாள்.

வெயிலில் அளவு நகர்வதைச் சரிசெய்யும் திருத்தம் ஒன்று முடிந்து கிடந்தது. வெங்கட்டுக்கு அனுப்ப வைத்திருந்தது. கிட் வந்த பிறகு நடுவில் ஆள் தேவையில்லை. தன் பெயரில் நேராக அந்த மென்பொருள் திட்டத்தின் பொதுப் பக்கத்துக்கு அனுப்பினாள்.

உடனே தானியங்கிப் பதில் வந்தது: 'இது உங்கள் முதல் பங்களிப்பு. வரவேற்கிறோம்!'

நாலே முக்காலுக்கு அதன் கீழே, எல்லோரும் படிக்கும் இடத்தில், வெங்கட் எழுதியிருந்தார்: 'நல்ல தொடக்கம். சில இடங்களில் எங்கள் எழுதுமுறை பின்பற்றப்படவில்லை. பழைய மாற்றங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவும்.' மாதிரிக்கு ஒன்றைச் சுட்டியிருந்தார்.

திறந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் காய்ச்சலில் படுத்துக்கொண்டு அவள் எழுதியது.

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருந்தது. தன் பெயர் இருந்த அந்த ஒரே பக்கத்தின் இணைப்பை, அடியில் வெங்கட்டின் குறிப்பு இருந்தபடியே, பெங்களூருக்கு அனுப்பினாள். படிவத்தில், இதுவரை செய்த மாற்றங்கள் எத்தனை என்று கேட்டிருந்த கட்டத்தில், ஒன்று என்று போட்டாள்.